வெளிச்சத்தைக் குடித்த முகம்

ஜூன் 3, செவ்வாய்

பொற்சிலம்பு விருதுக் குழுவில் இன்று முதல் நாள். பன்னிரண்டு நாளில் முப்பத்தாறு படம். எனக்கு வந்த கடிதத்தில் 'மூத்த ஒளிப்பதிவாளர் கோதண்டபாணி' என்று போட்டிருந்தது. ஒன்பது வருஷமாக வேலை இல்லாதவனை எங்கள் தொழிலில் அப்படித்தான் மரியாதையாகக் குறிப்பிடுவார்கள்.

குழுவில் என்னோடு நான்கு பேர். தலைவர், இயக்குநர் அமிர்தகடேசன். எண்பதுகளில் மூன்று வெள்ளிவிழாப் படம் எடுத்தவர். நான்காவது எடுக்காததால்தான் மூன்றும் நினைவில் நிற்கின்றன என்று எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. அடுத்து பேராசிரியர் எழில்வேந்தன், சினிமாவைப் பற்றி ஏழு புத்தகம் எழுதியவர். படம் ஓடும்போது கண்ணை மூடிக்கொள்கிறார். ஒலியை மட்டும் தனியே கவனிக்கிறாராம். குறட்டையும் அந்த ஆய்வில் சேருமா என்று நான் கேட்கவில்லை. நான்காவது ஆள் எடிட்டர் மெர்சி. என் முதல் படத்தில் உதவி எடிட்டர். முப்பத்தொரு வருஷம் கழித்து ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். "நல்லா இருக்கீங்களா பாணி சார்?" என்றாள். அதோடு சரி.

வடபழனியில் ஒரு சின்ன பிரிவியூ தியேட்டர். முதல் படத்தில் ஒரு ஆடு பதினோரு நிமிஷம் மலை ஏறியது. மேலே போய் ஒன்றும் செய்யவில்லை. இரண்டாவது படம் முழுக்க இருட்டு. ஆபரேட்டரே பதறிப்போய், விளக்கு கிளக்கு போய்விட்டதா என்று கேபினை விட்டு வெளியே வந்து திரையைப் பார்த்தார். "இருளின் அழகியல்" என்றார் பேராசிரியர், கண்ணைத் திறக்காமலே.

வீட்டில் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. மனைவி பூரணி என் இடது கண்ணுக்கு மருந்து விட்டாள். ஆபரேஷன் முடிந்து இன்றோடு நான்கு வாரம்.

ஜூன் 4, புதன்

மூன்று படம். விருதுக்கென்றே எடுக்கும் படத்தில் நடிக்க என்ன தேவை என்று ஓரளவு பிடிபட்டுவிட்டது. எண்ணெய் வைக்காத தலை. பேசுவதற்கு முன் ஒரு நீண்ட மூச்சு. பேசாமல் இருப்பதற்கு இன்னும் நீண்ட மூச்சு. கதாநாயகன் இருபது கிலோ இளைத்திருந்தால் அது நடிப்பு. கதையில் அவன் ஏன் இளைக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.

ஒளிப்பதிவுக்கும் இதே கதைதான். கேமரா தள்ளாடினால் யதார்த்தம். அசையவே இல்லையென்றால் தியானம்.

பிளம்பர் வரவில்லை.

ஜூன் 5, வியாழன்

இன்று 'வெந்த மண்'. எல்லோரும் காத்திருந்த படம். மிஹானா முதன்முறையாக மேக்கப் இல்லாமல் நடித்திருக்கிறார் என்று ஊரெல்லாம் போஸ்டர். உண்மையில் அவர் வாழ்க்கையிலேயே இவ்வளவு மேக்கப் போட்டிருக்க மாட்டார். செங்கல் சூளைத் தொழிலாளி வேஷம். கோதுமை நிறப் பெண்ணுக்கு நெற்றி முதல் கால் வரை கரி நிறம் பூசியிருக்கிறார்கள். க்ளோசப்பில் காதுக்குப் பின்னால் அசல் நிறம் எட்டிப் பார்க்கிறது. மழைக் காட்சியில் கழுத்திலிருந்து ஒரு கோடு வழிந்து, ரவிக்கையில் கறை ஆகிறது. அதை யாரும் கவனிக்கவில்லை, அல்லது அதையும் வறுமை என்று நினைத்துவிட்டார்கள்.

தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இது உழைக்கும் உடலின் மொழி" என்றார் பேராசிரியர். நானும் கைதட்டினேன். பிரமாதமான லைட்டிங் என்று குழுவுக்குக் கொடுக்கும் குறிப்பில் எழுதினேன்.

மாலை ஐந்து மணிக்கு அந்தப் படத்தின் தயாரிப்பாளர் ரங்கசாயி போன் செய்தார். "பாணி சார், அடுத்து ஒரு சரித்திரப் படம் பண்றேன். அதுக்கு உங்க கண்ணுதான் சார் வேணும்." இதற்கும் விருதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது என்று அவராகவே சொன்னார். நான் கேட்கவே இல்லை.

பூரணியிடம் படம் விஷயத்தை மட்டும் சொன்னேன். "யாரு குடுக்கறா?" என்றாள். பழைய நண்பர் என்றேன்.

ஜூன் 7, சனி

'இரண்டாம் பிரதி' என்றொரு படம். இயக்குநர், ஒளிப்பதிவாளர் இருவருக்கும் முதல் படம். ஒளிப்பதிவு யாரோ ஒரு பெண்.

கணவனின் இறப்புச் சான்றிதழில் பெயர் தப்பாகிவிட்டது. அதைத் திருத்த ஒரு பெண் தாலுகா ஆபீசுக்கு நடக்கிறாள். அதுதான் படம். ஒரு காட்சியில் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். பின்னால் சுண்ணாம்புச் சுவர், பக்கத்தில் ஜன்னல். க்ளார்க் தலை நிமிராமல், "எப்பச் செத்தாரு?" என்று கேட்கிறான். அவள் தேதி சொல்கிறாள். அவன் எழுதுகிறான். "எப்படிச் செத்தாரு?" அவள் பதில் சொல்ல வாயெடுத்து, அவன் அதை எழுதப் போவதில்லை என்பது புரிந்து, முந்தானையால் பெஞ்சைத் துடைக்க ஆரம்பிக்கிறாள். நான்கு நிமிஷம், ஒரே ஷாட். நடிப்பு என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. பெஞ்சைத் துடைக்கிறாள், அவ்வளவே.

நடித்தவர் பெயர் தங்கபுஷ்பம். எங்கோ கேட்ட பெயர்.

குறிப்பில், 'முகம் இருட்டாக உள்ளது, வெளிச்சம் போதவில்லை, தொழில்நுட்பக் குறை' என்று எழுதித் தலைவரிடம் கொடுத்தேன். மெர்சி பக்கத்தில் இருந்து அதைப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். வயதானதும் சிலருக்கு இப்படி உற்றுப் பார்க்கும் பழக்கம் வந்துவிடுகிறது.

ஜூன் 8, ஞாயிறு

விடுமுறை. பிளம்பர் வந்து மோட்டாரைக் கழற்றி மொட்டைமாடியில் பரப்பிவிட்டு, ஒரு வாஷர் வாங்கப் போனவன் திரும்பவில்லை. மருந்தை வலது கண்ணில் விட்டுக்கொண்டேன். "ஆபரேஷன் பண்ணினது இடது. என்ன ஆச்சு உங்களுக்கு?" என்றாள் பூரணி. ஒன்றும் ஆகவில்லை என்றேன்.

ஜூன் 9, திங்கள்

தங்கபுஷ்பம் யாரென்று ஞாபகம் வந்துவிட்டது. ஒளிக்க இதில் ஒன்றும் இல்லை, எழுதிவிடுகிறேன்.

தொண்ணூற்று நான்கு. என் முதல் படம். செங்கல்பட்டில் ஒரு பழைய வீட்டில் ஷூட்டிங். கதாநாயகி புதுமுகம், திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், இருபத்தொரு வயது. நல்ல கருப்பு. மூன்று நாள் எடுத்தோம். எடுத்ததைச் சென்னையில் லேபில் போட்டுப் பார்த்தபோது முகமே தெரியவில்லை, கண்ணும் பல்லும்தான். தயாரிப்பாளர் கத்தினார். இயக்குநர் என்னைப் பார்த்தார். "இந்த முகம் லைட்டைக் குடிக்குது சார், என்ன போட்டாலும் நிக்கல" என்றேன். அது ஒரு தொழில்முறைக் கருத்து. முடிவு எடுத்தது அவர்கள். நான்காம் நாள் பம்பாயிலிருந்து வேறொரு பெண் வந்தாள். படம் நூறு நாள் ஓடியது. எனக்கு மாநில விருது கிடைத்தது.

சினிமாவில் இது தினமும் நடப்பது. என்னையும்தான் மூன்று படத்திலிருந்து தூக்கினார்கள். நான் ஒரு பெஞ்சையும் துடைத்துக்கொண்டிருக்கவில்லை.

ஜூன் 11, புதன்

டீ இடைவேளை. வெளியே வேப்பமரத்தடியில் மெர்சி தனியாக நின்றாள். நானாகத்தான் போனேன்.

"அந்தப் படத்தைப் பத்தி என்ன நினைக்கிற?" என்றேன்.

"எந்தப் படத்தைப் பத்தி சார்? நாம எடுத்ததா, சனிக்கிழமை பாத்ததா?"

அவள் டீயை ஆற்றிக்கொண்டே பேசினாள், சண்டை போடும் குரலில் இல்லை, யாரோ ஒருவருடைய பஸ் தவறிய கதையைச் சொல்வது போல.

"அந்த மூணு நாள் எடுத்த ரஷ் ஃபிலிமை முதல்ல பாத்தது நான்தான் சார். ஒட்டுறதுக்கு எங்கிட்டதான் வந்துச்சு. புஷ்பம் முகம் இருட்டாத்தான் இருந்துச்சு, இல்லன்னு சொல்லல. ஆனா அவ பின்னாடி ஒரு சுவர் இருந்துச்சே, ஞாபகம் இருக்கா?"

"என்ன சுவர்?"

"பொங்கலுக்கு வெள்ளையடிச்ச சுவர். நானே அந்த வீட்டுக்கு வந்து பாத்திருக்கேன், கண்ணு கூசும். ரஷ்ஷுல அது சாம்பல் கலர்ல இருந்துச்சு. சுவரும் லைட்டைக் குடிச்சிச்சா சார்?"

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"யாருகிட்ட? நான் ஒட்டுற பொண்ணு. எங்கிட்ட யாரு கேட்டா?" என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தாள்.

பிற்பகலில் இரண்டு படம் ஓடியது. ஒன்றில் ரயில் வந்தது என்று நினைக்கிறேன்.

ஜூன் 12, வியாழன்

மோட்டார் ஓடியது, நின்றது. தியேட்டருக்குத் தாமதமாகப் போனதற்கு எல்லோரிடமும் இதையே காரணமாகச் சொன்னேன்.

ஜூன் 13, வெள்ளி

ரங்கசாயியின் மேனேஜர் பேசினார். வரும் பதினெட்டாம் தேதி டெஸ்ட் ஷூட், நான்கு யானை ஏற்பாடு செய்திருக்கிறார்களாம். "நாளைக்கு நல்ல செய்தி வரும்னு சார் சொல்லச் சொன்னாரு" என்றார். எனக்கு நல்ல செய்தியா, அவருக்கா என்று பிரித்துச் சொல்லவில்லை.

மீட்டர் விஷயத்தையும் எழுதிவிடுகிறேன். பூரணி இதைப் படிப்பதில்லை.

வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டரில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். கேமராவில் போட்ட ஃபிலிம் வெளிச்சத்தை எவ்வளவு வேகமாக வாங்குமோ, அந்த எண்ணுக்கு அதைத் திருப்பி வைக்க வேண்டும். அந்த முதல் பட ஷூட்டிங்குக்கு முந்தின வாரம் ஒரு விளம்பரப் படத்துக்கு நானூறில் வைத்திருந்தேன். செங்கல்பட்டில் போட்டது நூறு. திருப்ப மறந்துவிட்டேன். மூன்று நாளும் தேவையான வெளிச்சத்தில் கால் பங்குதான் ஃபிலிமில் விழுந்தது. முகமும் இருண்டது, சுவரும் இருண்டது. லேபில் பார்த்து நான் அந்த வாக்கியத்தைச் சொன்னபோது எனக்குக் காரணம் தெரியாது. உண்மையாகவே தெரியாது. மறுநாள் காலை பம்பாய்ப் பெண்ணுக்கு லைட் வைக்க மீட்டரை எடுத்தபோதுதான் சக்கரத்தைப் பார்த்தேன்.

பார்த்தேன். நூறுக்குத் திருப்பினேன். அந்தப் பெண் ஜொலித்தாள். "பாணி, இதுதான்யா முகம்" என்று இயக்குநர் என்னைக் கட்டிப்பிடித்தார். புஷ்பம் அதற்குள் ஊருக்கு பஸ் ஏறியிருக்கவில்லை. வாசலில் பெட்டியோடு, யாராவது வந்து கொண்டுபோய் விடுவார்கள் என்று உட்கார்ந்திருந்தாள். நான் அவளைத் தாண்டித்தான் டிபன் சாப்பிடப் போனேன்.

பொங்கல் வடை. நன்றாக இருந்தது என்றுகூட ஞாபகம் இருக்கிறது.

ஜூன் 14, சனி

கடைசிக் கூட்டம். முதலில் ஒளிப்பதிவு விருது. விளக்கு போய்விட்டதா என்று ஆபரேட்டர் வெளியே வந்தாரே, அந்தப் படத்துக்குப் போயிற்று. பேராசிரியர் அதைப் பற்றி இருபது நிமிஷம் பேசினார். 'இரண்டாம் பிரதி'க்குக் கொடுக்கலாம் என்று நான் சொன்னதற்கு, "நீங்களே அதுல குறைன்னு எழுதியிருக்கீங்களே" என்று காகிதத்தைத் திருப்பிக் காட்டினார்கள்.

அடுத்து சிறந்த நடிகை.

"மிஹானாதான், வேற யாரு" என்றார் தலைவர். "அந்தப் பொண்ணு ஆறு மாசம் சூளையில போய் உக்காந்திருக்கு."

"சூளையில இருக்குறவங்க முப்பது வருஷமா உக்காந்திருக்காங்க சார், அவங்களுக்குக் குடுப்பமா?" என்றாள் மெர்சி. "என் ஓட்டு தங்கபுஷ்பத்துக்கு."

பேராசிரியர், "அவர் நடிக்கவே இல்லையே அம்மா, சும்மா இருக்கிறார்" என்றார். நானும் இந்த டைரியில் ஏறத்தாழ இதையேதான் எழுதியிருந்தேன். அவர் வாயில் கேட்கும்போது கேவலமாக இருந்தது.

தலைவர் என் பக்கம் திரும்பினார். "பாணி, நீங்கதான் இதுல டெக்னிக்கல் ஆள். முகம் இருட்டா இருக்குன்னு எழுத்துல குடுத்திருக்கீங்க. முகமே தெரியாத நடிப்புக்கு எப்படி விருது குடுக்கறது? முடிச்சிடலாமா?"

"அதை அடிச்சிடுங்க சார்."

"எதை?"

"நான் எழுதினதை. சுவர் வெள்ளையாத் தெரியுது சார். சுவர் வெள்ளையாத் தெரிஞ்சா வெளிச்சம் சரியா இருக்குன்னு அர்த்தம். அந்தம்மா கருப்பு. கருப்பு கருப்பாத் தெரியுது. எங்க ஆளுங்க யாருக்கும் இத்தனை வருஷமா அப்படி எடுக்கத் தெரியல. எனக்கும் தெரியல."

"ஏழாம் தேதி வேற மாதிரி எழுதியிருக்கீங்களே."

"தப்பா எழுதினேன்."

தலைவர் நல்ல மனிதர். என்னைக் காப்பாற்றப் பார்த்தார். "கண் ஆபரேஷன் பண்ணியிருக்கீங்க இல்ல, அதான் அன்னைக்குச் சரியாத் தெரிஞ்சிருக்காது" என்றார்.

பிடித்துக்கொள்ள அருமையான சாக்கு. வாய்வரை வந்துவிட்டது.

"கண்ணு நல்லாத்தான் சார் இருக்கு" என்றேன். "என் ஓட்டும் தங்கபுஷ்பத்துக்கு."

இரண்டுக்கு இரண்டு. பொற்சிலம்பு என்பது ஒரு மரப்பீடத்தில் பொருத்திய ஜோடிச் சிலம்பு. பீடத்தை மட்டும் இரண்டாகச் செய்யச் சொன்னால் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிடலாம் என்று முடிவானது. ஆக, கருப்பைப் பூசிக்கொண்டவருக்கு ஒன்று, கருப்பாகவே இருந்தவருக்கு ஒன்று. சமத்துவம் என்றார் பேராசிரியர்.

மீட்டரைப் பற்றி நான் அங்கே ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மெர்சியும் சொல்லவில்லை. கிளம்பும்போது, "சார், உங்க வீட்டு மோட்டார் என்ன ஆச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

ஜூன் 17, செவ்வாய்

ரங்கசாயியின் சரித்திரப் படத்துக்கு மும்பையிலிருந்து ஒருவர் வருகிறாராம், பத்திரிகையில் பார்த்தேன். நானே பூரணியிடம் சொன்னேன். "உங்க பழைய நண்பரா?" என்றாள். "இல்லை" என்றேன்.

"அப்ப நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு மருந்து விட்டாள்.

ஜூலை 6, ஞாயிறு

விருது விழா. பாதி விருது என்று தெரிந்ததும் மிஹானா வரவில்லை. எங்கோ ஒரு கடற்கரையிலிருந்து நன்றி சொல்லி வீடியோ அனுப்பியிருந்தார். மேனேஜர் வந்து, பார்சல் வாங்குவது போல அந்தச் சிலம்பை வாங்கிக்கொண்டு போனார்.

தங்கபுஷ்பம் பச்சைப் பட்டில் வந்திருந்தார். வயது ஐம்பத்திரண்டு. மேடையில் மைக்கைக் கொடுத்தபோது, "எல்லாருக்கும் நன்றி. படத்தைத் தியேட்டர்ல போய்ப் பாருங்க" என்றார். இரண்டே வாக்கியம். கையில் ஒற்றைச் சிலம்போடு அவர் நின்றதும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. தலைவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும், முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

விழா முடிந்து பக்கவாட்டு வராந்தாவில் அவரைப் பிடித்தேன். மூன்று வாரமாக மனதில் எழுதி வைத்திருந்த வாக்கியம் ஒன்றும் உதவவில்லை.

"என்னைத் தெரியுதாம்மா?"

"தெரியாம என்ன சார். பாணி சார்."

"அன்னைக்கு அந்த மூணு நாள்... தப்பு உங்க முகத்துல இல்லம்மா. நான் மீட்டரைத் தப்பா வச்சிருந்தேன். மறுநாளே எனக்குத் தெரிஞ்சு போச்சு. சொல்லல."

அவர் கோபப்படவில்லை. ஒரு கணக்கைச் சரிபார்ப்பவர் போல என்னையே பார்த்தார்.

"மீட்டரா சார்?"

"ஆமாம்மா."

"இருபத்தொரு வயசுலேர்ந்து நான் பவுடர் போடாம வாசல் தாண்டினது இல்ல. எங்கம்மா செத்த அன்னைக்கு, தகவல் வந்ததும், முதல்ல கண்ணாடி முன்னாடி நின்னு பவுடர் போட்டேன். அப்புறம்தான் பஸ் ஏறினேன். இந்தப் படத்துலதான் டைரக்டர் தம்பி வேண்டாம்னு சொல்லிச்சு, நிறுத்தினேன்." "மீட்டரா" என்றார் மறுபடி, தனக்குள்.

ஏதாவது கேட்க வேண்டுமென்று, "அதுக்கப்புறம் என்ன பண்ணீங்க?" என்று கேட்டேன்.

"டப்பிங் பேசினேன் சார். இருபத்தெட்டு வருஷம். மெர்சி அக்காதான் ஊருக்கு ஆள் அனுப்பிக் கூட்டிட்டு வந்து விட்டாங்க. முதல்ல பேசினதே நம்ம படத்துக்குத்தான்."

"எந்தப் படம்?"

"உங்க படம் சார். பம்பாய்ப் பொண்ணுக்குத் தமிழ் வராதே. அவங்க பேசினது பூரா நான்தான். அழுதது, சிரிச்சது, அந்தக் கிணத்தடியில மூச்சு வாங்கினது எல்லாம்." அவர் முகத்தில் அப்போது லேசாக ஒரு சிரிப்பு வந்தது. "உங்களுக்குத் தெரியாதா? படம் பாக்கலையா சார் நீங்க?"

நூறு முறைக்கு மேல் பார்த்திருக்கிறேன் என்று நான் சொல்லவில்லை.

அதற்குள் ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரர் வந்து அவரை ஜன்னலோரம் நிற்கச் சொன்னார். கேமராவை உயர்த்தியவர் தாழ்த்தி, "சார், கொஞ்சம் தள்ளிக்குங்க, அம்மா மேல உங்க நிழல் விழுது" என்றார்.

தள்ளிக்கொண்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

காலையில் என் முதல் படத்தைப் போட்டு உட்கார்ந்தேன். பூரணியும் கீரை ஆய்ந்துகொண்டே பக்கத்தில் இருந்தாள். கிணற்றடிக் காட்சியில் கையை நிறுத்தி, "என்ன குரல்" என்றாள்.

முழுப் படத்தையும் பார்த்தேன். அந்தப் பெண் வாயசைக்கிறாள், வேறொருத்தி நடித்திருக்கிறாள். ஒளிப்பதிவு சுமார்.